பழம் நுழையாத வீடு

அந்த வீட்டுக்குள் பழுத்த பழம் எதுவும் நுழையக் கூடாது. வாழைப்பழமோ, ஆப்பிளோ, கொய்யாவோ, எதுவானாலும் வாசலோடு சரி. விவரம் தெரியாத விருந்தாளி யாராவது பழப்பையும் கையுமாக வந்துவிட்டால், அந்த வீட்டுக்காரன் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டு, அப்படியே நாலு மாடியும் இறங்கிப்போய், கீழே காவலாளியின் நாற்காலியில் வைத்துவிட்டு வருவான். அந்தக் குடியிருப்பிலேயே பழம் தின்று தேறிய உடம்பு என்றால் அது காவலாளியின் உடம்புதான். அவர் இவனை வாயார வாழ்த்துவார்.

இந்தச் சட்டத்தைப் போட்டவன் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பவன். நாற்பதைத் தாண்டியாயிற்று. கல்யாணம் ஆகவில்லை. அதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. பேச்சு வந்தபோதெல்லாம் இவன் தள்ளிப் போட்டான், பிறகு பேச்சே வரவில்லை. அவன் வேலை செய்யும் அறைக்கு ஜன்னல் கிடையாது. சுழலும் கல்லின் மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். தேய்த்த லென்ஸைத் தூக்கி விளக்குக்கு நேரே பிடித்துப் பார்ப்பான். அதற்குள் விளக்கு வளையும், சுவர் கரையும், கதவருகே நிற்கும் முதலாளி மிதப்பார். பாதி நேரம் இவன் விழித்திருக்கிறானா, கனவு காண்கிறானா என்று முதலாளிக்கே சந்தேகம். ஆனால் கை மட்டும் தப்பாது என்பதால் அவர் அதைக் கிளறுவதில்லை.

உடம்பு அந்தப் பின்னறையில் இருந்தாலும் உயிர் இருந்தது நாலாம் மாடி பால்கனியில். அங்கேதான் அவனுடைய புரோமீலியட் செடிகள். பெயரைச் சொன்னால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும் என்று அக்கம்பக்கத்தில் யாரும் அதைச் சொல்வதில்லை. அன்னாசிக்குச் சொந்தக்காரச் செடிகள் என்று ஒருமுறை விளக்கப் போய், அவனுக்கே அன்னாசி என்று பெயர் விழுந்துவிட்டது. காவலாளி மட்டும் பல வருஷமாக ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்: காய் எப்போ வரும்?

காய் இருக்கட்டும், பூவே வரக் கூடாது என்பதுதான் அவனுடைய கொள்கை. இலைகள் வட்டமாக அடுக்கடுக்காக அமைந்து, நடுவில் ஒரு கிண்ணம் போலக் குவிந்திருக்கும். வேருக்கு அல்ல, அந்தக் கிண்ணத்துக்குத்தான் தண்ணீர். கொசு முட்டையிடாமல் இருக்க, காலையில் ஒவ்வொரு தொட்டியாகச் சாய்த்துப் பழைய தண்ணீரைக் கொட்டுவான். பிடித்துவைத்த மழைத்தண்ணீரை நீள மூக்கு வைத்த கெண்டியால் ஊற்றுவான். செம்புப் பாத்திரம் அந்தப் பக்கமே வரக் கூடாது, செம்பு பட்டால் இவை செத்துப்போகும். உச்சி வெயிலில் இலை வெந்துவிடாமல் பச்சை வலையை இழுத்துக் கட்டுவான். ஊதா வரி போட்டது ஒன்று, புள்ளி விழுந்தது ஒன்று, வெள்ளி பூசியதுபோல ஒன்று, மண்ணே வேண்டாமென்று கட்டைமேல் உட்கார்ந்து காற்றைக் குடித்துப் பிழைப்பது ஒன்று. சாயங்காலம் விளக்குப் போடாமல் இவற்றின் நடுவில் உட்கார்ந்தால், ஒவ்வொரு கிண்ணத்துக்குள்ளும் வானம் ஒரு வட்டமாக மங்கிக்கொண்டு வரும். அதைப் பார்த்தபடியே இருட்டிவிடும். அக்கா வந்து சாப்பிடக் கூப்பிடும்போது அவன் எங்கிருந்தோ திரும்பி வருவான்.

வாழையைப் போல இதுவும் ஒரே ஒரு முறைதான் பூக்கும். பூத்தபின் தாய்ச்செடி அடியில் பக்கக்கன்று விட்டுவிட்டு மெல்ல மெல்லக் காய்ந்துபோகும். இவனைப் போலவே செடி சேர்க்கும் மற்றவர்கள் கன்று கிடைத்ததே என்று சந்தோஷப்படுவார்கள், பூவைப் படமெடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புவார்கள். இவன் தன் செடிகள் பூக்கவில்லை என்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வான். கன்று வேறு, இது வேறு என்பான். பழுக்கிற பழத்திலிருந்து கிளம்பும் வாயு இந்தச் செடிகளைப் பூக்கத் தூண்டிவிடும். அவசரக்காரர்கள் செடியோடு ஒரு பழுத்த ஆப்பிளையும் வைத்து, பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்டிவிடுவார்கள். ஒரு வாரம் போதும், இரண்டு மூன்று மாதத்தில் பூ தலைகாட்டும். சரி, அது மூடிக் கட்டிய பைக்குள் நடக்கிற காரியம். சமையலறையில் கிடக்கும் ஒரு வாழைப்பழம் திறந்த பால்கனியில் இருக்கும் செடியை என்ன செய்துவிடும் என்று யாராவது கேட்டால் அவனிடம் பதில் இல்லை. பயம்தான் இருந்தது.

அந்தப் பயத்துக்காக வீட்டில் பழப் பட்டினி கிடந்தவள் அக்கா. இவனைவிட நாலைந்து வயது மூத்தவள். அம்மா அப்பா போனபின் இவர்கள் இருவர் மட்டும்தான். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் மேற்பார்வை வேலை. நாளெல்லாம் ஆவியிலும் சூட்டிலும் நின்றுவிட்டு வருவாள். பழம் என்றால் அவளுக்கு உயிர். தம்பி சட்டம் போட்டபோது அவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. வீட்டில்தானே கூடாது? வேலை விட்டு வரும் வழியிலேயே, தெருமுனைப் பழக்கடையில் நின்று சாப்பிட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

நின்று சாப்பிடுகிறவளைப் பார்த்துப் பழக்கடைக்காரர் சில மாதத்தில் ஒரு ஸ்டூல் எடுத்துப் போட்டார். அவர் மனைவியை இழந்தவர், அதிகம் பேசாதவர். கத்தியைத் துடைத்துத் துடைத்து, பழத்தைத் துண்டு போட்டுத் தட்டில் வைப்பார். அக்கா ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் சொல்வாள். குறைந்த மதிப்பெண் வாங்கிய கூடையை அவர் மறுநாள் பின்வரிசைக்குத் தள்ளிவிடுவார். இதெல்லாம் அரசல்புரசலாகக் காவலாளி வழியாக அவன் காதுக்கு வந்தது. நம்பாமல் ஒருநாள் எதிர்ச் சாரியில் நின்று பார்த்தான். அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து, தர்பூசணிச் சாறு முழங்கைவரை வழிய, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் அவள் அப்படிச் சிரித்து அவன் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்து செடிகளுக்கு இரண்டாம் முறை தண்ணீர் ஊற்றினான்.

அந்தச் சமயத்தில்தான் குடியிருப்புக்கு வெளிப்பூச்சு அடிக்க ஆட்கள் வந்தார்கள். சுவரைச் சுரண்டிய தூசு பால்கனிக்கெல்லாம் பறந்தது. போதாததற்கு, கடைக்குப் புது இயந்திரம் வருகிறது, ஒரு வாரம் வெளியூர் போய் அதைக் கற்றுக்கொண்டு வா என்றார் முதலாளி. அவன் செடிகள் அத்தனையையும் ஒரு மூலைக்கு நகர்த்தி, பெரிய பிளாஸ்டிக் விரிப்பால் நாலு பக்கமும் மூடி, கயிறு கட்டினான். வர்ணக்காரர்கள் போகும்வரை இதை யாரும் தூக்கிப் பார்க்கக் கூடாது என்று அக்காவிடம் கண்டிப்பாகச் சொல்லிவைத்தான்.

கிளம்பும் காலையில் அக்கா அவனுக்கு முன்பே வேலைக்குப் போய்விட்டாள். அவன் பெட்டியோடு கீழ் வாசலைத் தாண்டும்போது பழக்கடைக்காரர் எதிரே நின்றார். காவலாளி டீக்குப் போயிருந்தார். சலவைச் சட்டை. கையில் ஒரு கூடை. கூடை நிறைய ஆப்பிள், மேலே ஒரு வெள்ளைத் துணி.

"தம்பி, ஒரு விஷயம். அக்காவைக் கல்யாணம் பண்ணிக்கணும்னு எனக்கு ஆசை. நானே நேர்ல கேட்டா, முகத்துக்கு நேரா எதையாவது சொல்லிட்டு அப்புறம் சங்கடப்படுவாங்க. நீங்க இதைக் குடுத்து விஷயத்தைச் சொல்லுங்க. நல்லா யோசிச்சு அவங்களே வந்து பதில் சொல்லட்டும். அதுவரைக்கும் நானா இந்தப் பேச்சை எடுக்க மாட்டேன்."

இவ்வளவு நீளமாக அவர் வாழ்நாளிலேயே பேசியிருக்க மாட்டார். அவருக்கு நெற்றி வியர்த்திருந்தது. அவன் தலையாட்டிவிட்டுக் கூடையை வாங்கிக்கொண்டு மாடி ஏறினான்.

கொடுக்கலாம் என்றுதான் ஏறினான். மேஜைமேல் வைத்துவிட்டு, ராத்திரி போனில் விஷயத்தைச் சொல்லிவிடலாம். கதவைத் திறந்தான். மேஜைக்கு இரண்டு பக்கமும் இரண்டு நாற்காலிகள். கழுவிக் கவிழ்த்த இரண்டு கோப்பைகள். அக்கா போனபின் இந்த வீட்டில் ஒரு கோப்பைதான் இருக்கும் என்று தோன்றியது. அவ்வளவுதான், கூடையை ஒளித்துவைக்க இடம் தேடினான். வீட்டில் அக்கா துடைக்காத மூலை கிடையாது. எங்கே ஒளித்தாலும் அகப்பட்டுவிடும். காவலாளியிடம் கொடுத்தால் சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரியும். அக்கா தொடாத இடம் ஒன்றே ஒன்றுதான். பால்கனிக்குப் போய், கயிற்றைத் தளர்த்தி, விரிப்பின் ஓரத்தைத் தூக்கிக் கூடையை உள்ளே தள்ளினான். மறுபடி கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினான்.

ஊரைத் தாண்டி வெகுதூரம் போனபின், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் ஆப்பிளைக் கடித்தார். அந்தச் சத்தத்தில் அவனுக்கு உறைத்தது. பழத்தை வீட்டுக்குள்ளேயே விடாதவன், செடிகளோடு சேர்த்து ஒரு கூடை ஆப்பிளை மூடிக் கட்டிவிட்டு வந்திருக்கிறான்.

போனை எடுத்தான். அக்காவிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் கூடையை எடுத்து வெளியே வைத்துவிடுவாள், செடிகள் பிழைத்துக்கொள்ளும். ஆனால் கூடை யாருடையது என்று கேட்பாள். போனைச் சட்டைப்பையில் போட்டான். திரும்ப எடுத்தான். பஸ் போய்ச் சேரும்வரை இதே வேலையாக இருந்தான். கடைசியில் அவன் போன் செய்யவில்லை. உயிருக்கு உயிரான செடிகளா, அக்காவா என்று வந்தபோது அவன் எதைக் காப்பாற்றிக்கொண்டான் என்பது அப்போது அவனுக்கே தெரியாது.

அந்த வாரம் முழுக்க ஒரே கனவுதான். வேற்றூர் விடுதியின் கெட்டிப்பட்ட தலையணையில் கண்ணை மூடினால், பால்கனியில் அந்த விரிப்பு மூச்சு விடும். உப்பும், தாழும். உள்ளே பனி படிந்து ஒன்றும் தெரியாது. அதற்குள் யாரோ மெதுவாகப் பழத்தை நறுக்கும் சத்தம் கேட்கும். அவன் கயிற்றை அவிழ்க்கப் போவான், கயிற்றுக்கு முனையே இருக்காது. விழித்தபின்னும் அந்தத் தித்திப்பு வாசனை மூக்கில் நிற்கும். அக்கா தினமும் போன் செய்து சாப்பிட்டாயா என்று கேட்டாள். பால்கனிப் பக்கம் போனாயா என்று அவன் மென்று விழுங்கிக் கேட்டதற்கு, நீதானே தொடக் கூடாது என்றாய் என்றாள். தம்பி சொல்லைத் தட்டாத அக்கா.

திரும்பி வந்து விரிப்பை விலக்கியபோது, தேங்கியிருந்த பழவாசனை முகத்தில் மோதியது. ஆப்பிள்கள் தளர்ந்து, தோல் சுருங்கிக் கிடந்தன. செடிகள் மாசு மறுவில்லாமல் பச்சையாக நின்றன. அக்கா வருவதற்குள் கூடையைத் தூக்கிக்கொண்டு போய், தூரத்துப் பஸ் நிறுத்தத்தின் பெஞ்சில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்தான். பூ தலைகாட்ட நாளாகும் என்பதை நினைக்க விரும்பாமல், ஒன்றும் ஆகவில்லை, தப்பித்தோம் என்று சொல்லிக்கொண்டான்.

ஆனது அக்காவுக்கு. பழக்கடைக்காரர் சொன்ன சொல் தவறாமல் அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை. அக்கா ஒன்றும் தெரியாமல் வழக்கம்போலப் போய் உட்கார்ந்து, மதிப்பெண் போட்டுவிட்டு வந்திருக்கிறாள். அவள் வாய் திறப்பாள் என்று பல நாள் பார்த்தார். பிறகு, வேண்டாம் என்பதைத்தான் பேசாமலே சொல்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டார். பேச்சு குறைந்தது. வாங்கம்மா, என்ன வேணும் என்று எல்லாரையும் கேட்பதுபோலக் கேட்டார். ஒருநாள் ஸ்டூலின்மேல் ஆரஞ்சுப் பெட்டி ஏறி உட்கார்ந்துவிட்டது. அன்றிலிருந்து அக்கா வேறு தெரு வழியாக வர ஆரம்பித்தாள். இதையும் காவலாளிதான் சொன்னார், ரொம்ப வருத்தத்தோடு சொன்னார்.

சாயங்காலங்களில் இப்போது அக்காவும் பால்கனிக்கு வந்து உட்கார்ந்தாள். கிண்ணங்களில் வானம் மங்கும். ஒருநாள் அவள் செடியைப் பார்த்தபடியே கேட்டாள்:

"ஒருத்தருக்கு நம்ம மேல பிரியம்னு நாமளா நினைச்சுக்கிட்டா, அது நம்ம தப்பாடா?"

கெண்டியில் தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று சொல்லி எழுந்து உள்ளே போனான். குழாயைத் திறந்துவிட்டு, கெண்டி நிரம்பி வழிவதைப் பார்த்துக்கொண்டே நின்றான். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தன்னைத் தானே அவ்வளவு வெறுத்தது அன்றுதான்.

இரண்டு மாதம் ஆகியிருக்கும். முதலில் ஊதா வரிச் செடியின் நடுவில் இளஞ்சிவப்பு கண்டது. வெயில் பட்டிருக்கும் என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டான். அடுத்த வாரம் அது ரத்தச் சிவப்பானது. அதற்குள் பக்கத்துச் செடியிலிருந்து தட்டையாக ஒரு மஞ்சள் கத்தி கிளம்பியது. வெள்ளிச் செடி ரோஜா நிறத்தில் செதில் செதிலாக ஒரு தண்டை உயர்த்தி, இடுக்குகளில் நீலப் பூக்களைச் செருகிக்கொண்டது. காற்றைக் குடிக்கும் செடிக்கு உச்சி முழுக்க ஊதா. கிண்ணத் தண்ணீருக்குள்ளேயே பொடிப் பூக்கள் கண் விழித்தன. வயது வந்த செடி ஒன்றுகூட பாக்கியில்லை. ஒரு விடுமுறை நாள் காலையில் அவன் எழுந்து வந்தபோது பால்கனி முழுவதும் எரிவதுபோலச் சிவந்து கிடந்தது. எதிர்வீட்டு ஜன்னல்களில் ஆட்கள் நின்று பார்த்தார்கள். கீழே தெருவில் சைக்கிளை நிறுத்திவிட்டு ஒருவர் அண்ணாந்து நின்றார். இத்தனை வருஷம் அவன் தடுத்துவைத்திருந்தது இதைத்தான். இவ்வளவு அழகாக இருக்கும் என்று அவன் நினைக்கவேயில்லை. அது அவனுக்கு எல்லாவற்றையும்விட வேதனையாக இருந்தது.

அக்கா பூக்களின் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். இத்தனை வருஷம் இவன் சொன்ன பாடத்தைக் கேட்டுக் கேட்டுப் பழகியவள். ஒன்றிரண்டு பூத்தால் அது தானாகப் பூத்தது, எல்லாம் சேர்ந்து பூத்தால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாதா?

"யார்டா இங்க பழம் வெச்சது?"

அவன் சொல்லிவிட்டான். கூடை, வெள்ளைத் துணி, சலவைச் சட்டை, அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும், கயிற்றைத் தளர்த்தியது, பஸ் நிறுத்தத்து பெஞ்ச், ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடித்தபோது தரையில் உட்கார்ந்திருந்தான்.

"அவ்வளவு ஆப்பிள்ல ஒண்ணுகூட எனக்கு வெக்கணும்னு தோணலையா உனக்கு?"

அவன் தலை நிமிரவில்லை. நீ போயிடுவியோன்னு பயந்துட்டேன் என்பதை மட்டும் எப்படியோ வெளியே தள்ளினான். அக்கா அவனுக்கு எதிரே, தொட்டிகளுக்கு இடையில் குந்தி உட்கார்ந்தாள். அவளுக்குக் கோபம் இருந்தது. ஆனால் குரலில் வேறு எதுவோ இருந்தது.

"அன்னிக்கே நீ குடுத்திருந்தா, நான் வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன். உன்னைத் தனியா விட்டுட்டு எப்படிப் போறதுன்னு, யோசிக்காமலே சொல்லியிருப்பேன். இந்த ரெண்டு மாசம் அவர் முகத்தைத் திருப்பிக்கிட்டாரே, அப்பதான்டா எனக்கு அவர் வேணும்னே தெரிஞ்சுது."

அவள் எழுந்து, முகம் கழுவி, தலை வாரிக்கொண்டு, கதவைக்கூடச் சாத்தாமல் போனாள். கூடையைக் கொடுத்திருந்தால் அக்கா இங்கேயே இருந்திருப்பாள். மறைத்ததனால் போகிறாள். அவன் அதைத் திருப்பித் திருப்பி யோசித்தான், எந்தப் பக்கம் திருப்பினாலும் அது அப்படியேதான் இருந்தது. பூக்களின் மேல் வெயில் ஏறியது. வலையை இழுத்துக் கட்ட வேண்டும் என்று தோன்றியும் அவன் எழவில்லை.

மத்தியானம் அக்கா திரும்பி வந்தாள். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள். அழுதிருக்கிறாள் என்று கண் சொன்னது, சிரித்தும் இருக்கிறாள்.

"கடையை மூடிட்டு கூடவே வந்தார். கீழ நிக்கறார். மேல வரமாட்டேங்கறார். உங்க தம்பி வந்து கூப்பிடட்டும்ங்கறார்."

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினான். ஒவ்வொரு படிக்கும் ஒரு வாக்கியம் தயார் செய்தான். மன்னிப்புக் கேட்கும் வாக்கியங்கள், காரணம் சொல்லும் வாக்கியங்கள், இனி இப்படி நடக்காது என்னும் வாக்கியங்கள். கடைசிப் படிக்கு வந்தபோது ஒன்றுகூட மிச்சமில்லை. வாசலருகே பழக்கடைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு, தெருவைப் பார்த்து நின்றார். காவலாளி அந்தப் பக்கம் தனக்கு ஒரு சம்பந்தமும் இல்லாதவர்போல, கேட்டின் தாழ்ப்பாளைத் துடைத்துக்கொண்டிருந்தார். பழக்கடைக்காரர் திரும்பினார். முகத்தில் இரண்டு மாதக் கோபம் அப்படியே இருந்தது.

அவன் அவருக்கு எதிரே போய் நின்றான்.

"மாமா," என்றான். "மேல வாங்க."